சிவப்புப் பட்டில் மூன்று கோடுகள்

எங்கள் ஊர்ச் சங்கத்து மலருக்கு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் தங்கள் தொழில் அனுபவத்தை எழுதித் தரவேண்டும் என்று மலர்க் குழுத் தம்பிமார் வந்து கேட்டார்கள். "பெருமையா நாலு விஷயம் எழுதுங்கோ அண்ணை. பிள்ளையள் வாசிக்கட்டும்" என்றார்கள். நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். கொப்பியைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தால் பெருமையானது ஒன்றும் வருகிறதாயில்லை. முகம் சூடாகிற விஷயம் ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. அதையே எழுதுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடவேண்டும். ஜேர்மனியில் டுசல்டோர்ஃப் நகரத்தில் யப்பான் பட்டு உடுப்புகளைப் பராமரிக்கிற ஒரு பட்டறையில் வேலை செய்தேன். கோயிலிலோ கலியாண வீட்டிலோ ஆராவது கேட்டால் "பட்டுக் கொம்பனி" என்பேன். அவர்களும் ஏதோ ஏற்றுமதி என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளதைச் சொன்னால், அது பிறருடைய உடுப்பைத் தோய்க்கிற வேலை. எங்கள் ஊரில் அந்த வேலை செய்தவர்களை எந்த வாசலால் வரச்சொன்னோம், எவ்வளவு தூரத்தில் நிற்கச்சொன்னோம் என்பது என் வயதுக்காரருக்குத் தெரியும். அந்த வேலைதான் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் இந்த நாட்டில் சோறு போட்டது.

அகதியாக வந்து, வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் ஒரு யப்பான் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அங்கே சாப்பிட வருகிறவர் ஃப்ராவ் மொரிதா என்ற யப்பான் பெண். தகப்பனிடமிருந்து பட்டறையை எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். என்னைவிட வயதில் குறைந்தவர். தண்ணீரில் நின்று வேலை செய்ய அலுப்புப் பஞ்சி பார்க்காத ஆள் ஒருவர் வேண்டும் என்று உணவக முதலாளியிடம் கேட்டிருக்கிறார். முதலாளி என்னைக் காட்டினார். என் முழுப் பெயர் ஃப்ராவ் மொரிதாவின் வாயில் நுழையவில்லை. அன்றிலிருந்து, திருமதிக்கு ஃப்ராவ், திருவுக்கு ஹெர் என்கிற இந்த நாட்டில், நான் ஹெர் லிங்கம்.

பட்டறையில் எங்களோடு ஸபீனா என்று ஒரு ஜேர்மன் பெண் இருந்தாள். தையல் அவளுடைய பொறுப்பு. வாய்க்காரி. எனக்கு முதல் பாடம் கிடைத்ததும் அவள் சிரிப்போடுதான். யப்பான்காரர் பட்டு உடுப்பை மஞ்சளில் தோய்த்த பருத்தித் துணியில் சுற்றி வைப்பார்கள். பூச்சி அண்டாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தத் துணியை முகர்ந்து பார்த்தேன். எங்கள் குசினி மணம். ஆசையோடு எடுத்துச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தேன். துணி செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. ஆலாத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியாத விஷயமா? சவர்க்காரமும் சுண்ணாம்பைப்போல் காரம் என்பது மட்டும் எனக்கு ஓடவில்லை. ஸபீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஃப்ராவ் மொரிதா சிரிக்கவில்லை. கொஞ்சம் வினாகிரி விட்ட தண்ணீரில் அந்தத் துணியை முக்கினார். மஞ்சள் திரும்பி வந்தது. "காரம் ஒரு பக்கம். புளிப்பு ஒரு பக்கம். நிறம் நடுவில் நிற்கிறது" என்றார். பயிற்சி என்று எனக்குக் கிடைத்தது ஏறக்குறைய அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பார்த்துப் பழகியது.

அவர் ஒருநாளும் "பிழை" என்று சொன்னதில்லை. நான் செய்துமுடித்த துணியை எடுத்து, முகர்ந்து, வெளிச்சத்தில் சரித்துப் பார்ப்பார். சரியென்றால் கொண்டுபோய்விடுவார். சரியில்லையென்றால் நிறப்பக்கம் கீழே இருக்கும்படி மடித்து, என் மேசையில் திருப்பி வைத்துவிட்டுப் போவார். என்ன பிழை என்று நானே தேடிப் பிடிக்கவேண்டும். கத்துகிற முதலாளியென்றால் வீட்டுக்கு வந்து மனிசியிடம் அவரைத் திட்டி ஆறுதல் படலாம். இவரிடம் அந்த வசதி இல்லை.

கிமோனோ என்கிற அந்த உடுப்பு வளைவாக வெட்டித் தைத்தது அல்ல. ஒரே சுருள் பட்டை நேர்நேராகத் துண்டு போட்டுத் தைத்தது. வடிவாகத் தோய்க்கவேண்டுமென்றால் தையல் முழுவதையும் பிரிக்கவேண்டும். பிரித்த துண்டுகளை நுனியோடு நுனி சேர்த்துத் தைத்தால் திரும்பவும் பழைய சுருளாகிவிடும். அதைத் தோய்த்து, கடற்பாசி காய்ச்சிய பசையைத் தூரிகையால் தடவி, பலகையில் ஒட்டியோ, முனையில் ஊசி பதித்த மூங்கில் குச்சிகளை வளைத்துக் குத்தியோ விறைப்பாக இழுத்துக் காயவிடுவோம். காய்ந்தபின் ஸபீனா திரும்ப உடுப்பாகத் தைப்பாள். பலகையில் ஒட்டுவது என் வேலை. காற்றுக் குமிழ் இல்லாமல், நூல் கோணாமல் ஒட்டவேண்டும். அதற்கு முன், வேலைக்கு வந்தவுடன் இரண்டு கையையும் முழங்கைவரை கழுவவேண்டும். இது பட்டறையின் முதல் சட்டம்.

நிறங்களுக்கு அவர்களிடம் பெரிய கணக்கு இருந்தது. ஊதா, ஒரு செடியின் வேரிலிருந்து எடுப்பது. முந்தி அரசவையில் பெரிய பதவிக்காரர் மட்டும்தான் உடுக்கலாமாம். வெள்ளை, மணப்பெண்ணுக்கும் உண்டு, பிணத்துக்கும் உண்டு. இதைக் கேட்டபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. கலியாணத்துக்கு வெள்ளையா என்று கேட்டேன். "அவள் பிறந்த வீட்டுக்கு இல்லாமல் போகிறாள்" என்றார் ஃப்ராவ் மொரிதா. சிவப்பு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும். அறுபது வயதானவருக்கும் சிவப்பு மேலாடை போடுவார்களாம், திரும்பவும் பிறந்த கணக்கு. பெண்கள் வெளியே தெரியாத உள்ளங்கியைத்தான் நல்ல சிவப்பில் உடுத்துவார்கள். உடம்புக்குச் சூடு, காவல் என்று நம்பிக்கை.

அந்தச் சிவப்பு குசும்பப்பூவில் இருந்து வருவது. பார்த்தால் முள்ளுள்ள மஞ்சள் பூ. அதன் விதை எண்ணெய்தான் இங்கே கடையில் டிஸ்டல் எண்ணெய் என்று விற்பது. பூவில் இருக்கும் மஞ்சளைத் தண்ணீரில் கழுவி ஊற்றிவிட்டால் கொஞ்சமாகச் சிவப்பு மிஞ்சும். சாம்பல் தண்ணீர் விட்டால் அது கழன்று வரும். புளிப்பு விட்டால் பட்டில் ஏறும். சூடு ஆகாது, வெயில் ஆகாது, சவர்க்காரம் ஆகவே ஆகாது. சாம்பல் பட்டால் போய்விடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் நடந்தது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஐப்பசி மாதம், ஹயாஷி என்ற ஒரு யப்பான் அம்மா ஒரு சிவப்பு உள்ளங்கியைக் கொண்டுவந்தார். மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை ஜேர்மன் பொடியன். தன் தாய் கலியாணத்தன்று உடுத்ததை மகள் மணக்கோலத்துக்கு உள்ளே உடுக்கவேண்டும் என்பது அவர் ஆசை. தாய் இறந்துபோய்விட்டார். தாயின் பிறந்த வீட்டார் ஒரு மலைப்பக்கத்து ஊரில் குசும்பப்பூ பயிரிட்டவர்கள். அவர்கள் தோட்டத்துப் பூவில், அவர்களே கொடுத்துத் தோய்ப்பித்த சிவப்பு. மடிப்புப் பழுப்பு எடுத்து, பசை போட்டுத் தைத்துத் தந்தால் போதும் என்றார். "சிவப்பை மட்டும் தொடவேண்டாம்" என்று ஃப்ராவ் மொரிதாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

அது கந்தசஷ்டி நேரம். நான் ஒவ்வொரு வருடமும் ஆறு நாளும் விரதம் பிடிக்கிறவன். பகலில் தண்ணீர் மட்டும். மற்ற நாட்களில் நெற்றியில் காய்ந்த திருநீறு ஒரு கீற்று. சஷ்டியில் மட்டும் குழைத்து, நெற்றியிலும் மார்பிலும் இரண்டு முன்கையிலும் மூன்று குறியாகப் பூசுவேன். வேலைக்கு வந்து முழங்கைவரை கழுவினால் கையில் பூசியது போய்விடும். அதனால் அந்த ஆறு நாளும் மணிக்கட்டோடு நிறுத்திவிடுவேன். முருகனுக்காகச் செய்கிறேன், முருகன் பார்த்துக்கொள்வார் என்பது என் எண்ணம். முந்தின வருடங்களில் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததை நான் அருள் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு விரதத்தில் நாலாம் நாள். அந்தச் சிவப்புத் துண்டைப் பலகையில் ஈரமாக ஒட்டித் தூரிகையால் நீவிக்கொண்டிருந்தேன். தலை சுற்றியது. கண் இருட்டியது. விழாமல் இருக்கப் பலகையில் முன்கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரந்தான். சுகம் வந்து கையை எடுத்தேன். பட்டில் மூன்று கோடு. சிவப்புப் போய், அழுக்கு மஞ்சளாக, ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கோடு. ஆர் செய்தது என்று கேட்கத் தேவையில்லாத அடையாளம்.

துடைக்கவில்லை. துடைத்தால் பரவும். நானே போய் ஃப்ராவ் மொரிதாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் பலகைக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். படுக்கையில் கிடக்கிற வருத்தக்காரரைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார். அத்தனை வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தரம். என் முன்கையிலிருந்து ஒரு பொட்டுத் திருநீற்றை விரல்நுனியில் எடுத்து நாக்கில் வைத்தார். கோயிலில் நாங்கள் வாங்கி வாயில் போடுவதுபோலவே இருந்தது. எனக்கு உடம்பு கூசியது.

"காரம்" என்றார். "சோடா அளவு இருக்கும்."

ஸபீனா எட்டிப் பார்த்தாள். "ஹெர் லிங்கம், உங்கள் கடவுள் கையெழுத்துப் போட்டுவிட்டார்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மன்னியுங்கள்" என்றாள். நான் மன்னிக்க என்ன இருக்கிறது?

அடுத்த நாளே ஹயாஷி அம்மா வந்தார். நான் பின்பக்கம் போகப் பார்த்தேன். ஃப்ராவ் மொரிதா விடவில்லை. "உங்கள் கையும் இங்கே இருக்கவேண்டும்" என்றார். அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்படி வாசலில் நிற்கும்போது, ஊரில் நாங்கள் ஆரை அந்த மாதிரி நிற்கவைத்தோமோ அவர்கள் என் நினைவில் வந்தார்கள்.

இரண்டு பேரும் முதலில் யப்பான் மொழியில் கதைத்தார்கள். ஃப்ராவ் மொரிதா நிலத்தில் நெற்றி படக் குனிந்தார். என் பிழைக்கு அவர் குனிந்தார். ஹயாஷி அம்மா பலகையைப் பார்த்தபடியே நின்றார். அழவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி ஜேர்மனில் கேட்டார்.

"இது என்ன?"

"சாம்பல், அம்மா. கடவுளுக்காகப் பூசுவது."

"எதை எரித்த சாம்பல்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் ஜேர்மனில் எனக்குத் தெரிந்த சொல் ஒன்றுதான். வயலில் கொட்டுகிறதற்குச் சொல்கிற சொல். "கூமிஸ்ற்" என்றேன். மாட்டுச் சாணம். ஸபீனாவின் கையில் ஊசி நின்றுபோனது. நாக்கில் வைத்துப் பார்த்த ஃப்ராவ் மொரிதா கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார். என்னைப் பெற்றவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் நெற்றியில் ஏந்தியதை, என் வாயாலேயே ஒரு குப்பைச் சொல்லாக்கி அந்த அறையின் நடுவில் போட்டேன்.

ஹயாஷி அம்மா குரலை உயர்த்தவில்லை. "என் அம்மாவின் துணியில் உங்கள் கடவுளுக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு எனக்கு வேறொரு நாள் நினைவு வந்தது. நாங்கள் புது வீட்டுக்குக் குடிபோனபோது ஃப்ராவ் மொரிதாவும் ஸபீனாவும் வந்திருந்தார்கள். ஸபீனா கையில் வைன் கிளாசோடு சாமி அறைப் பக்கம் போக, நான் பாய்ந்து குறுக்கே நின்று, "அங்கே வேண்டாம், தள்ளி நில்லுங்கள்" என்றேன். அவள் அதைக் குறையாக எடுக்கவில்லை. என் சாமிக்குப் பக்கத்தில் பிறத்தியார் கை வரக்கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தவன், இன்னொருவரின் தாய்மேல் என் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஃப்ராவ் மொரிதா இரண்டு வழி சொன்னார். புதுப் பூ வாங்கி, மேலால் புதுச் சிவப்பு ஏற்றலாம். கோடு மறையும், ஆனால் அது வேறு சிவப்பு. இல்லையென்றால் துணியில் இருக்கும் சிவப்பு முழுவதையும் சாம்பல் தண்ணீரில் கழற்றி எடுத்து, அதே சிவப்பைத் திரும்ப ஏற்றலாம். எவ்வளவு திரும்பி வரும் என்று உறுதி சொல்ல ஏலாது. பட்டு தாங்குமா என்பதும் தெரியாது.

"வேறு சிவப்பு வேண்டாம்" என்றார் ஹயாஷி அம்மா. "அம்மாவினுடையது வந்தால் வரட்டும். வராவிட்டால் மகள் வேறு உடுக்கட்டும்."

வீட்டுக்குப் போய் மனிசி பவளத்திடம் சொன்னேன். அவள் பாலும் பழமும் எடுத்துவைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளையிலையிருந்து வேலை வாசலிலை எல்லாத்தையும் கழுவிப்போட்டுத்தான் உள்ளுக்குப் போகப்போறன். நெத்தியும் சேத்து."

"என்னப்பா கதைக்கிறியள்? விரதத்துக்கை திருநீற்றை அழிக்கிறதோ? உந்த யப்பான்காரி சொன்னவவோ?"

"இல்லை."

"ஒண்டும் சொல்லேல்லையோ?"

"ஒரு சொல்லும் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் சுகமாயிருந்திருக்கும் பவளம். கோவிச்சுக்கொண்டு வேலையை விட்டுட்டு வந்து, கோயிலுக்கை பெரிய பத்தன் மாதிரி நிண்டிருப்பன்."

அவள் பழத்தட்டை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "அந்த மனிசி நாக்கிலை வைச்சவ எண்டியளெல்லே? அவவுக்கு ஒண்டும் செய்யேல்லைத்தானே?" என்று கேட்டாள். சாணம் என்று அறிந்தபிறகு அவருக்கு அருவருப்பாக இருந்திருக்குமோ என்பது அவளுடைய கவலை. எனக்கு அது தோன்றவேயில்லை.

மறுநாள் பட்டறை வாசல் குழாயில் ஈரத் துவாயால் நெற்றியைத் துடைத்தேன். முழங்கைவரை கழுவினேன். முருகா, உன்னை நான் வெளியில் நிறுத்திவிட்டுப் போகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே குழாயைப் பூட்டினேன். உள்ளே போனதும் ஸபீனா, "ஆர் இது? ஆளை மட்டுப்பிடிக்க முடியவில்லையே" என்றாள். ஃப்ராவ் மொரிதா என் வெறும் நெற்றியைப் பார்த்தார். பூசிக்கொண்டு அவருக்கு முன்னால் நின்றது முந்தின நாள் வெட்கம். பூசாமல் நிற்பது அன்றைய வெட்கம்.

வைக்கோல் சாம்பலைச் சுடுநீரில் ஊறவைத்து, தெளிந்த நீரைத் துணியில் வடித்து, முழுதாக ஆறவிட்டோம். ஃப்ராவ் மொரிதா அதை நாக்கில் வைத்துப் பார்த்துத் தண்ணீர் கலந்தார். முதலில் தையலுக்குள் மடிந்திருந்த ஓரத்தில் ஒரு சிறு துண்டு நறுக்கிப் பார்த்தார். சிவப்பு கழன்றது, புளிப்புக்குத் திரும்பி வந்தது. "நீங்கள் செய்யுங்கள்" என்று என்னிடம் விட்டார். நான் ஏலாது என்று தலையாட்டினேன். "ஹெர் லிங்கம், துணிக்கு உங்கள் கை பழக்கம்" என்றார். சாம்பல் தண்ணீர் வாளியை என் முன்னால் வைத்தார்.

நுனிசேர்த்துத் தைத்த சுருளை மெதுவாக இறக்கினேன். ஓரிடத்தில் நிற்கவிடாமல் கையால் நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். சிவப்பு புகைபோல் தண்ணீருக்குள் இறங்கியது. துணி வெளிறி, வெளிறி, கடைசியில் மங்கின வெள்ளையாக என் கையில் கிடந்தது. எங்கள் கண்ணுக்கு அது தாலியறுத்தவள் சேலை. ஒரு கலியாணப் பெண்ணின் உடுப்பை நான் இப்படி ஆக்கிவிட்டேனே. வாளியிலோ பழஞ்சாயத் தண்ணீர்போல் ஒரு மண்ணிறம். அதற்குள் சிவப்பு இருக்கிறது என்று ஆரும் சொல்லமாட்டார்கள்.

பட்டை உடனே நல்ல தண்ணீரில் அலசி எடுத்தேன். ஃப்ராவ் மொரிதா புகையில் வாட்டிய பிளம் காயை ஊறவைத்த புளிப்பு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளிக்குள் விட்டார். தண்ணீர் சீறிப் பொங்கி நுரைத்தது. நுரை அடங்கும்போது மண்ணிறம் உடைந்து உள்ளே ஒரு சிவப்பு எழும்பியது. குளிர் உள்ளே வரட்டும் என்று யன்னல் எல்லாம் திறந்து வைத்திருந்தோம். சூடு பட்டால் அந்தச் சிவப்பு கெட்டுப்போகும். பட்டை உள்ளே விட்டு, கை மரத்துப்போகும்வரை அசைத்துக்கொண்டே நின்றேன். இடைக்கிடை ஸபீனா என் கையைத் துவாயில் சுற்றிப் பிடித்துச் சூடாக்கிவிடுவாள். திரும்ப இறக்குவேன். வாய் சஷ்டிக் கவசத்தைத் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது. பின்னேரம் வாளித் தண்ணீர் வெளிறிவிட்டது. அதிலிருந்தது எவ்வளவோ அவ்வளவும் பட்டில் ஏறிவிட்டது.

கோடு போய்விட்டது. சிவப்பும் குறைந்துதான் போனது. முந்தி செம்பரத்தம்பூ மாதிரி இருந்தது, இப்போது அதன் வாடல் மாதிரி. புதுப் பூ ஒரு பிடி சேர்த்திருந்தால் சரிக்கட்டியிருக்கலாம். ஆருக்கும் தெரிந்திருக்காது. சேர்ப்போமா என்று நானே வாய் தவறிக் கேட்டேன். ஃப்ராவ் மொரிதா துணியை எடுத்து, நிறப்பக்கம் கீழே இருக்க மடித்து என் முன்னால் வைத்தார். மறுமொழி அதுதான்.

தைத்து முடித்து, கலியாணத்துக்கு முந்தின கிழமை ஹயாஷி அம்மாவிடம் கொடுத்தோம். யன்னலடிக்குக் கொண்டுபோய்ச் சரித்துப் பார்த்தார். மூன்று கோடு இருந்த இடத்தை விரலால் தடவினார். சரியாக அந்த இடந்தான். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அவருக்கு அது தெரிந்தது.

"வெளிறிவிட்டது" என்றார்.

"ஓம், அம்மா" என்றேன்.

உடுப்பை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "உங்கள் கடவுள் அழையாமல் வந்தார்" என்றார். "வந்தவர் சும்மா போகக்கூடாது. என் மகளுக்கு நல்லதைச் செய்யச் சொல்லுங்கள்." கோபமாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கலியாணம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நானும் பவளமும் ஊன்ட்றொப்பில் இருக்கிற எங்கள் தமிழ்க் கோயிலுக்குப் போனோம். முருகன் சந்நிதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

"ஆரின்ரை பேருக்கு?" என்று ஐயர் கேட்டார்.

"ஒரு பிள்ளை ஐயா. நாளைக்குக் கலியாணம்."

"சந்தோசம். பேரும் நட்சத்திரமும் சொல்லுங்கோ."

"தெரியாது ஐயா."

"பேருமோ?"

"யப்பான் பிள்ளை."

பின்னால் நின்ற ஒருவர், "அண்ணைக்கு யப்பானிலையும் சொந்தம் இருக்கு" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் ஐயரிடம், "சாமி பேரிலை செய்துவிடுங்கோ" என்றேன். அவர் தட்டை என் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"நட்சத்திரம் இல்லாட்டிப் பரவாயில்லை. பேர் இல்லாமல் நான் ஆருக்கெண்டு கேக்கிறது? விசாரிச்சுக்கொண்டு வாங்கோ. நான் நிக்கிறன்."

அந்தப் பிள்ளையின் உடுப்பைப் பிரித்தேன், அழித்தேன், நிறம் கழற்றினேன், ஏற்றினேன். பெயர் என்ன என்று ஒருதரம் கேட்கவில்லை. வெட்கத்தில் குனிந்துகொண்டு நின்றதில், என்னைத் தவிர வேறு ஒருவரையும் நான் பார்த்திருக்கவில்லை.

வெளியே வந்து ஃப்ராவ் மொரிதாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்குப் பெயர் தெரியும், சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஹயாஷி அம்மாவின் இலக்கத்தைத் தந்து, "நீங்களே கேளுங்கள்" என்றார். கலியாணத்துக்கு முதல்நாள் அந்த வீட்டுக்கு எடுக்க என் விரல் வரவில்லை. பவளம்தான் தொலைபேசியை வாங்கி அமத்தி என் காதில் வைத்தாள்.

"அம்மா, நான் ஹெர் லிங்கம். பட்டறை. கோயிலில் நிற்கிறேன். மகளின் பெயர் வேண்டும். பெயர் சொல்லித்தான் கேட்கவேண்டும்."

அந்தப் பக்கம் ஆட்கள் கதைக்கிற சத்தமும் பிள்ளைகள் ஓடுகிற சத்தமும் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்துகிற சத்தம்.

"உண்மையாகவே போனீர்களா?"

"ஓம்."

"எமி" என்றார். நான் திரும்பச் சொன்னேன். சரி என்றார். நன்றி சொல்லி வைக்கப்போனேன். "பொறுங்கள்" என்றார். குரல் மாறியிருந்தது. "இன்னொரு பெயரும் சொல்லலாமா? கியோ. என் அம்மா."

இறந்தவர் பெயருக்கு இப்படி அர்ச்சனை செய்வதில்லை. அதற்கு முறை வேறு, பூசை வேறு. இதெல்லாம் எனக்கு வடிவாகத் தெரியும். தெரியாத ஆட்களை வரிசையில் நின்று திருத்துகிறவன் நான்.

"சொல்லலாம் அம்மா" என்றேன்.

உள்ளே போய்த் தட்டை நீட்டி, "எமி, கியோ" என்றேன். ஐயர் இரண்டு பெயரையும் ஒருதரம் சொல்லிப் பழகிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒரே வீடோ?"

"ஓம் ஐயா. கலியாணப் பிள்ளையும் அம்மம்மாவும்."

"அம்மம்மா சுகமாயிருக்கிறாவோ?"

பவளம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஓம் ஐயா" என்றேன். "கொஞ்சம் வெளிறிப்போனா. மற்றும்படி சுகம்."